விண்ட்ஷீல்டு மாட்டிய பிறகு வண்டி மக்கர் செய்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்ய

சேலத்திலிருந்து பெங்களூரு ரோட்டில் ஓமலூர் வரை என் ராயல் என்ஃபீல்டு மீட்டியர் 350-ல் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஓமலூர் தாண்டி எண்பதைத் தொட்டதும் யாரோ நெஞ்சில் கை வைத்துத் தள்ளுவது போல இருக்கும். கால் முன்னால் நீட்டி, கையை அகட்டி, முதுகு நிமிர்ந்து உட்காரும் க்ரூஸரில் நம் உடம்பேதான் பாய்மரம். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80-லிருந்து 100-க்குப் போனால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது. நெஞ்சில் விழும் விசையோ ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடுகிறது. தர்மபுரி போவதற்குள் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

அதனால் முதலில் ஹேண்டில்பாரில் கிளாம்ப் போடும், காற்றை மறைக்கும் ரெடிமேட் கண்ணாடி (விண்ட்ஷீல்டு) ஒன்று மாட்டினேன். பிறகு ஆசை பெருகி, லாரி கேபினுக்கு ஃபைபர் வேலை செய்யும் ஒரு பட்டறையில் சொல்லி, ஹெட்லைட்டைச் சுற்றி இறக்கை விரித்த மாதிரி முழு ஃபேரிங் (காற்றை மறைக்கும் ஃபைபர் முகப்பு) செய்துகொண்டேன். காற்று நின்றது. அதன் பின் ஆறு மாதம் ஒவ்வொரு வாரமும் ஒரு புதுக் கோளாறு. அவற்றைச் சரிசெய்த வழியைத்தான் அறிகுறி வாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன்.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் இரண்டு காரியம். கண்ணாடியை முழுசாகக் கழற்றிவிட்டு அதே ரோட்டில், அதே வேகத்தில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அறிகுறி அப்போதும் இருந்தால் கோளாறு வண்டியில். போய்விட்டால் கோளாறு கண்ணாடியில், அல்லது கண்ணாடி வந்ததால் வெளியே தெரிந்த பழைய கோளாறு. இரண்டாவது, ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். நான் ஒரே நாளில் உயரத்தைக் கூட்டி, சாய்வை மாற்றி, டயர் காற்றையும் ஏற்றினேன். தலை உதறல் பாதி குறைந்தது. எதனால் குறைந்தது என்று கண்டுபிடிக்க இன்னும் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது.

ஹேண்டிலைத் திருப்பினால் இன்ஜின் தானாக ரேஸ் ஆகிறது

இதை முதலில் சொல்வது, ஆளை உடனே கவிழ்க்கக்கூடியது இது என்பதால்.

ஏற்காடு ரோட்டில் அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஃபேரிங் மாட்டிய மறுநாள் ஏறினேன். நேர் ரோட்டில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு வளைவில் எதிரே பஸ் இறங்கி வர, கிட்டத்தட்ட நின்று, ஹேண்டிலை முழுக்க ஒடித்துத் திருப்பினேன். ஆக்சிலேட்டரை நான் தொடவே இல்லை. இன்ஜின் "ஊ…ம்" என்று ஏறி, வண்டி என்னை வளைவின் வெளிப்பக்கம் தள்ளியது. கிளட்ச்சைப் பிடித்ததால் தப்பினேன்.

காரணம் எளிது. ஃபேரிங்கின் இரும்புப் பட்டை ஆக்சிலேட்டர் கேபிளை அதன் பழைய வழியிலிருந்து ஒரு விரல் தள்ளியிருந்தது. ஹேண்டில் ஒரு பக்கம் முழுக்கத் திரும்பும்போது கேபிளின் நீளம் போதாமல் இழுபட்டு, த்ராட்டில் தானாகத் திறந்துகொண்டது.

சோதனை வீட்டு வாசலிலேயே செய்யலாம். வண்டியை நியூட்ரலில் போட்டு, இன்ஜின் சூடானதும் ஐடிலில் விட்டு, ஹேண்டிலை இடது கடைசியிலிருந்து வலது கடைசி வரை மெல்லத் திருப்புங்கள். சத்தம் கொஞ்சம் ஏறினாலும் அன்றைக்கு வண்டி ரோட்டுக்குப் போகக்கூடாது. கேபிளைப் பழைய வழிக்குக் கொண்டுவாருங்கள். பட்டைக்கும் ஃபோர்க்குக்கும் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரட்டைக் குழாய்) நடுவில் அது நசுங்குகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கேபிளின் ஃப்ரீ பிளேயை (தளர்வை) கூட்டி ஒப்பேற்றாதீர்கள், அது நோயை மூடி வைப்பது.

அப்படியே கையோடு இன்னும் மூன்றைப் பார்த்துவிடுங்கள். கிளட்ச், பிரேக் லீவர்களைக் கையுறை போட்ட கையால் முழுக்கப் பிடிக்க இடம் இருக்கிறதா. முன் பிரேக் ஹோஸ் எங்காவது உரசுகிறதா. ஹேண்டில் கடைசிக்குப் போகும்போது ஃபேரிங்கின் ஓரம் டேங்கைத் தொடுகிறதா. முன் மட்கார்டு ஃபேரிங்கில் இடிக்குமோ என்ற சந்தேகம் இருந்தால், ஃபோர்க் குழாயில் ஒரு ஜிப் டை கட்டிவிட்டு ஸ்பீட் பிரேக்கரில் ஓட்டுங்கள். டை எவ்வளவு மேலே ஏறி நிற்கிறதோ அவ்வளவு தூரம் ஃபோர்க் அமுங்கியிருக்கிறது. அதற்கு மேல் இரண்டு விரல் இடைவெளி வேண்டும்.

தலை உதறுகிறது, ஹெல்மெட்டில் தடதடவென்று அடிக்கிறது

எல்லோரும் முதலில் புலம்புவது இதைத்தான். கண்ணாடி இல்லாதபோது தலைக்கு வந்த காற்று பலமாக இருந்தாலும் சீராக இருந்தது. கண்ணாடி போட்டதும், அதன் மேல் விளிம்பில் கிழிபட்ட காற்று சுழல் சுழலாகப் பிய்ந்து வந்து ஹெல்மெட்டில் மோதுகிறது. கண்ணாடிக்குப் பின்னால் அழுத்தம் குறைவதால் அந்தச் சுழல்களை அந்த வெற்றிடம் கீழே இழுக்கவும் செய்கிறது. முதுகை யாரோ முன்னால் தள்ளுவது போலத் தோன்றினால் அதுவும் இதே இழுப்புதான்.

கருப்பூர் தாண்டிய நாலுவழி ரோட்டில், காலை ஆறு மணிக்கு முன் லாரி குறைந்த நேரத்தில், உதறல் வரும் வேகத்தில் போங்கள். உட்கார்ந்தபடியே முதுகை நிமிர்த்தித் தலையை நாலைந்து சென்டிமீட்டர் உயர்த்துங்கள். பிறகு அதே அளவு குனியுங்கள். உயர்த்தியதும் உதறல் அடங்கினால் தலை சுத்தமான காற்றுக்குள் போய்விட்டது என்று அர்த்தம். கண்ணாடியை இறக்க வேண்டும். குனிந்ததும் அடங்கினால் கண்ணாடி இன்னும் உயர வேண்டும், அல்லது விளிம்பில் ஒரு மடிப்பு உதடு வேண்டும். இரண்டிலும் அடங்காவிட்டால் காற்று மேலிருந்து வரவில்லை. அடியிலிருந்தோ பக்கத்திலிருந்தோ வருகிறது.

அதைக் கண்ணால் பார்க்கவும் வழி உண்டு. ஃபேன்சி ஸ்டோரில் கம்பளி நூல் வாங்கி, ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, கண்ணாடியின் மேல் விளிம்பு, இரு பக்கம், ஹெட்லைட்டுக்கு மேலே உள்ள சந்து என்று மாஸ்கிங் டேப்பால் ஒட்டினேன். என் மச்சான் இன்னொரு வண்டியின் பின்னால் உட்கார்ந்து பக்கவாட்டில் வீடியோ எடுத்தான். மேல் விளிம்பு நூல்கள் நேராகப் பின்னால் படுத்திருந்தன. ஹெட்லைட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒட்டிய நூல் மட்டும் பைத்தியம் பிடித்த மாதிரி மேலே எழும்பிச் சுழன்றது. நான் ஒரு மாதமாக மேல் விளிம்பைத்தான் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன்!

இங்கே சிகிச்சை கொஞ்சம் எதிர்மறையாகத் தோன்றும். சந்தை அடைக்கத்தான் கை போகும். நானும் பீடிங் ரப்பர் வைத்து அடைத்தேன், உதறல் கூடியது. அடியிலிருந்து அளவாகக் காற்று உள்ளே வந்தால்தான் கண்ணாடிக்குப் பின்னால் உள்ள வெற்றிடம் நிரம்பும், மேலிருந்து வரும் காற்று கீழே இழுபடாது. ரப்பரைப் பிடுங்கிவிட்டு, ஸ்பேசர் வைத்துக் கண்ணாடியை முன்னால் தள்ளி, அடியில் இரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்குச் சீரான இடைவெளி விட்டேன். தடதடப்பு முக்கால்வாசி போயிற்று. மீதி, கண்ணாடியை ஒரு நூல் அளவு பின்னால் சாய்த்ததில் அடங்கியது. உங்கள் வண்டியில் அளவு வேறாக இருக்கலாம். முதலில் அட்டையை டேப் போட்டு ஒட்டி, மூடியும் திறந்தும் பார்த்துவிட்டுப் பிறகு ஃபைபரில் கை வையுங்கள்.

உயரத்துக்கு ஒரே விதி: வழக்கமாக உட்காரும் நிலையில் கண்ணாடியின் விளிம்பு மூக்கு மட்டத்தில் இருக்க வேண்டும். கண் அதன் மேலாக ரோட்டைப் பார்க்க வேண்டும். விளிம்பு கண்ணுக்கு நேராக வந்தால் ரோடு இரண்டாக வெட்டுப்படும். அதைவிட உயர்ந்தால் மழையில் குருட்டு ஓட்டம். இதற்கு வைப்பர் கிடையாது. ஏற்காட்டில் நவம்பர், டிசம்பர் பனிமூட்டத்தில் உயரக் கண்ணாடி வைத்து ஓட்டியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஹேண்டில் ஆடுகிறது

இதில் இரண்டு ரகம் உண்டு. ஹேண்டில் மட்டும் வேகமாக, கை நடுங்குகிற மாதிரி ஆடுவது ஒன்று. வண்டி முழுக்கப் பாம்பு மாதிரி மெல்ல நெளிவது இன்னொன்று. முதலாவதை நொடிக்கு எத்தனை என்று எண்ண முடியாது, இரண்டாவதை எண்ணிவிடலாம். நெளிவுக்குப் பின்பக்கத்தைப் பாருங்கள்: பின் டயர் காற்று, ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) புஷ், பின்னால் ஏற்றிய பாரம். கண்ணாடிக்கு இதில் பங்கு இருந்தாலும் அது கடைசிச் சந்தேகம்.

ஹேண்டில் நடுக்கத்தில்தான் ஃபேரிங்கின் கை நேரடியாக இருக்கிறது. ஹேண்டில்பாரிலோ ஃபோர்க்கிலோ மாட்டிய எதுவும் ஹேண்டிலோடு சேர்ந்து திரும்பும். அதன் எடை ஸ்டியரிங் அச்சுக்கு எவ்வளவு முன்னால் இருக்கிறதோ அவ்வளவு மந்தமாக, ஆனால் ஆரம்பித்தால் அவ்வளவு அடங்காமல் ஆடும். வேகத்தில் காற்று அந்தப் பலகையைத் தூக்கவும் பார்க்கும், முன் டயரின் பிடி குறையும். ஹார்லியில் 1969-லிருந்து வரும் வவ்வால் இறக்கை ஃபேரிங் ஃபோர்க்கில்தான் உட்கார்ந்திருக்கிறது, ஆனால் அதைத் தாங்குவது முந்நூற்றுச் சொச்சம் கிலோ வண்டி. அதே வடிவத்தை 191 கிலோ வண்டிக்குப் போட்டால் அதே மாதிரி நடந்துகொள்ளாது. சேசிஸில் மாட்டிய ஃபேரிங் ஹேண்டிலோடு திரும்பாது, இந்தத் தொல்லையும் இல்லை. ஆனால் பிராக்கெட் வேலை பெரிது.

எனக்கு நடுக்கம் வந்தது வேகமாகப் போகும்போது இல்லை. டோல்கேட்டுக்கு வேகம் குறைத்து வரும்போது, அறுபதுக்கும் ஐம்பதுக்கும் நடுவே, இடது கையை எடுத்தால் உடனே ஆரம்பிக்கும். பட்டறைக்காரர் ஃபேரிங்கை எடை குறைத்துத் தருகிறேன் என்றார். எதற்கும் கேட்டுவிடலாம் என்று செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பழைய மெக்கானிக் ஒருவரிடம் போனேன். ஃபேரிங்கை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்ஜினுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து முன் சக்கரத்தைத் தூக்கினார். ஹேண்டிலை ஒரு விரலால் நடுவுக்குக் கொண்டுவந்து விட்டார். அது 'டக்' என்று ஒரு பள்ளத்தில் விழுந்த மாதிரி நின்றது. இன்னும் கொஞ்சம் தள்ளினார், மறுபடி 'டக்'.

"தம்பி, கோன்செட் போயிருச்சு. நீங்க கண்ணாடிய மாட்டி அதைக் காட்டிக்கொடுத்துட்டீங்க."

"கண்ணாடி போடறதுக்கு முன்னாடி ஆடலீங்களே அண்ணா?"

"ஆடியிருக்கும். உங்க கைக்குத் தெரியற அளவுக்கு ஆடியிருக்காது."

கோன்செட் என்பது ஹேண்டில் திரும்புவதற்கான பேரிங். நடுக்கத்துக்குச் சோதிக்கும் வரிசை இதுதான். முன் டயர் காற்றை வண்டியில் ஒட்டியிருக்கும் அளவுக்கு, டயர் குளிர்ந்திருக்கும்போது நிரப்புங்கள். டயரின் மேல் உள்ளங்கையைத் தடவுங்கள். ஒரு பக்கம் வழுக்கி மறுபக்கம் ரம்பம் மாதிரி குத்தினால் தேய்மானம் சீரில்லை. சக்கரத்தைத் தூக்கி, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் கோன்செட் இளக்கம். மேலே சொன்ன 'டக்' இருந்தால் மாற்றியே தீர வேண்டும், இறுக்கினால் மோசமாகும். பிறகு வீல் பேரிங். இத்தனையும் சரியென்றால் மட்டும் ஃபேரிங்கின் எடையைக் குறையுங்கள், அல்லது ஃபோர்க்குக்கு நெருக்கமாகப் பின்னால் தள்ளுங்கள்.

ஓடும்போதே நடுக்கம் பிடித்துவிட்டால் ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காதீர்கள், பிரேக்கைக் குத்தாதீர்கள். பிடியைத் தளர்த்தி, முழங்காலால் டேங்கை அணைத்து, உடம்பை முன்னால் சாய்த்து, ஆக்சிலேட்டரை மெல்ல விடுங்கள். மனசு சொல்வது இதற்கு நேர்மாறாக இருக்கும்.

போல்ட் ஓட்டையைச் சுற்றி விரிசல் விடுகிறது

கண்ணாடி அக்ரிலிக்கா பாலிகார்பனேட்டா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். போர்டு எழுதும் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் அக்ரிலிக். பளபளப்பு நன்றாக இருக்கும், கீறல் எளிதில் விழாது, ஆனால் ஓட்டையில் விரிசல் விடும். பாலிகார்பனேட் சுத்தியால் அடித்தாலும் உடையாது, ஆனால் கெமிக்கல் ஆகாது.

அக்ரிலிக் சூட்டில் இரும்பைவிட ஐந்தாறு மடங்கு விரியும். ஏப்ரல் மத்தியானம் சேலத்தில் வெயிலில் நின்ற அரை மீட்டர் கண்ணாடிக்கும், ஏற்காட்டின் விடிகாலைக் குளிரில் நிற்கும் அதே கண்ணாடிக்கும் நீளத்தில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். போல்ட்டுக்குச் சரியளவாக ஓட்டை போட்டிருந்தால் அந்த ஒரு மில்லிமீட்டருக்குப் போக இடமில்லை, கண்ணாடி கிழியும். 6 மில்லி போல்ட்டுக்கு 8 மில்லி ஓட்டை போடுங்கள். நடுவில் ரப்பர் புஷ், இரு பக்கமும் நைலான் வாஷர். இறுக்குவது கைப்பிடி அளவுக்குத்தான்: வாஷரை விரலால் சுற்ற முடியாத நிலை வந்ததும் நிறுத்துங்கள். இளகாமல் இருக்க நைலாக் நட்டு (உள்ளே நைலான் வளையம் உள்ளது) போதும். போல்ட்டில் விடும் நீலப் பசையைப் பாலிகார்பனேட் பக்கம் கொண்டுபோகாதீர்கள், சொட்டு பட்ட இடத்தில் சிலந்தி வலை மாதிரி விரிசல் ஓடும். பெட்ரோல், தின்னர், அமோனியா கலந்த கண்ணாடி லிக்விட் எல்லாம் அதே கதைதான்.

விரிசல் ஆரம்பித்துவிட்டால் அது முடியும் இடத்தில் 3 மில்லி ஓட்டை ஒன்று போட்டால் மேலே ஓடாது. அழகு போகும், கண்ணாடி பிழைக்கும்.

துடைப்பது பற்றி ஒரு வார்த்தை. கருப்பூர்ப் பக்கம் வெள்ளைக்கல் தூசி எப்போதும் கண்ணாடியில் படியும். அதை உலர்ந்த துணியால் துடைப்பதும் உப்புத்தாள் போடுவதும் ஒன்று. ஈரத்துணியைப் பத்து நிமிடம் போர்த்தி ஊறவைத்து, சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். பூச்சி ஒட்டியதற்கும் இதுதான் மருந்து.

கிறுகிறுவென்று சத்தம்

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வந்து, அதைத் தாண்டினால் நிற்கிறதா? தகடு நடுங்குகிறது. 3 மில்லி தகட்டை அகலமாக விட்டால் நடுங்கத்தான் செய்யும். 4 அல்லது 5 மில்லிக்கு மாறுங்கள், இல்லை நடுவில் இன்னொரு தாங்கல் கொடுங்கள். பள்ளத்தில் மட்டும் வந்தால் கிளாம்ப் இளக்கம். கிளாம்ப்புக்கும் குழாய்க்கும் நடுவில் பழைய டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் பட்டை வையுங்கள். பஞ்சர் கடையில் சும்மாவே தருவார்கள். ஃபோர்க்கில் கிளாம்ப் போடுபவர்கள் மேல், கீழ் இரண்டு ஃபோர்க் பிளேட்டுகளுக்கு நடுவில் மட்டும் போட வேண்டும். மீட்டியருக்கு அந்தக் குழாய் 41 மில்லி. குழாய் உள்ளே போய்வரும் இடத்தில் போட்டால் ஆயில் சீல் கிழியும்.

நம் ஊர் ஸ்டெயின்லெஸ் ஊர் என்பதால் எல்லா போல்ட்டையும் ஸ்டெயின்லெஸ்ஸாக மாற்றும் ஆசை வரும். கண்ணாடி போல்ட்டுக்கு மாற்றுங்கள், மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி. இல்லாவிட்டால் நட்டும் போல்ட்டும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு அறுக்கத்தான் வேண்டிவரும். ஃபோர்க் பிளேட்டின் கம்பெனி போல்ட்டை மட்டும் தொடாதீர்கள்.

இன்டிகேட்டர் மங்குகிறது, அல்லது படபடவென்று அடிக்கிறது

இன்டிகேட்டரை ஃபேரிங்குக்கு மாற்றினீர்களா? சில வண்டிகளில் இன்டிகேட்டருக்கு எர்த் அதன் தண்டு வழியாக இரும்புக்குப் போகும். ஃபைபரில் கரண்ட் போகாது. தனியாக ஒரு எர்த் வயரை சேசிஸுக்கு இழுங்கள், முடிந்தது. படபடவென்று வேகமாக அடித்தால் ஒரு பல்பு போயிருக்கிறது, அல்லது எல்இடி போட்டிருக்கிறீர்கள். எல்இடிக்கேற்ற ஃபிளாஷர் மாற்றினால் சரியாகும்.

ராத்திரியில் மீட்டர் வெளிச்சம் கண்ணாடியின் உள்பக்கம் தெரிந்து கண்ணைக் கூசினால், ஃபேரிங்கின் உள்பக்கத்தை மேட் கறுப்பு அடித்துவிடுங்கள். ஹெட்லைட்டின் மேல்விளிம்பு வெளிச்சம் கண்ணாடியில் பட்டு முகத்துக்கே திரும்பி வந்தால், பனியில் ஓட்டவே முடியாது. லைட்டுக்கு மேலே ஒரு சின்னக் கறுப்பு மறைப்பு போதும்.

பக்கக் காற்றில் இழுக்கிறது

இதற்கு முழு மருந்து இல்லை. தொப்பூர் கணவாயில் லாரியை முந்தும்போது, லாரியின் மறைப்பில் முதலில் உள்ளே இழுக்கும், முகப்பைத் தாண்டியதும் வெளியே தள்ளும். ஃபோர்க்கில் மாட்டிய ஃபேரிங் என்றால் அந்தத் தள்ளல் நேராக ஹேண்டிலுக்கே வரும். முழங்கையை மடக்கித் தளர்வாக வைத்து, லாரியிலிருந்து ஒரு ஆள் அகலம் கூடுதலாக விட்டு முந்துவதுதான் வழி. பக்க இறக்கைகளை இரண்டு விரல் வெட்டிக் குறைத்தபின் எனக்குக் கொஞ்சம் குறைந்தது, கைக்குக் காற்று கொஞ்சம் கூடியது. அந்த வியாபாரம் எனக்குச் சம்மதம்.

ஏற்காட்டுக்கு மட்டும் போகிற நாளில் கண்ணாடி பரணில் கிடக்கும். மலையில் நாற்பதைத் தாண்டப் போவதில்லை, அங்கே அதற்கு வேலை இல்லை. நாலு போல்ட், ஐந்து நிமிடம்.